அடிக்காட்டிக் காக்கா

தான் போட்ட கணக்குப் பிழையாய்ப் போனால் சந்தோசத்தில் ஊருக்கே பிளேன்டீ வாங்கிக் கொடுக்கிற மனிசன் உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவரும் எங்கட கல்முனையில்தான் இருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம். மலேரியாவுக்கு வீடுவீடாக மருந்தடிக்கிற ஆட்களுக்கு அவர்தான் மேற்பார்வை. அண்ணன்மாரைக் காக்கா என்பது எங்கட வழக்கம்; ஊர் அவருக்கு வைத்த பெயர் அடிக்காட்டிக் காக்கா. சொந்தப் பெயர் அவருடைய பொஞ்சாதிக்கே மறந்திருக்கும்.

தேத்தண்ணிக் கடைப் பலகைச் சுவரில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு இழுப்பார். மாரி மழை, வயல் தண்ணி, போன வருசத்துக் காய்ச்சல் எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து, "மருந்து அடிக்காட்டி, காய்ச்சல் இந்தா இப்படி ஏறும்" என்பார். கோடு போய்க் கூரையில் முட்டும். மாதம் முடிய ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்து, உண்மையாக வந்த காய்ச்சலை இன்னொரு கோடாகக் கீழே இழுப்பார். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற வெறும் பலகையைத் தட்டி, "இதுதான்டா எங்கட வேலை!" என்பார். எங்களுக்குப் பலகைதான் தெரிந்தது.

மற்ற எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். பந்தடியில் எங்கட ஆட்கள் அள்ளு அள்ளென்று கோல் வாங்கினால், "நம்மட கோல்கீப்பர் இல்லாட்டி இன்னும் ரெண்டு மடங்கு வாங்கியிருப்பம்" என்று அவனுக்கு மாலை போடுவார்.

அரிசி ஆலை ஹாஜியாருக்கு மட்டும் அந்தக் கோடு ஆகவே ஆகாது.

"வரப்போறது அல்லாஹ் ஒருத்தனுக்குத்தான் தெரியும். நீ என்ன சாத்திரமா பார்க்கிறாய்?"

"நான் வரப்போறதச் சொல்லல்ல ஹாஜியார். வரக்கூடாதத்தான் சொல்றன்."

"ஒவ்வொரு முறையும் பிழைக்கிதே!"

"அல்ஹம்துலில்லாஹ்!"

ஹாஜியார் சூடாகிவிட்டார். மருந்து நாறுது, சுவரெல்லாம் கறை என்று சொல்லி, அந்த மாரிக்குத் தன் வீடிருந்த ஒழுங்கைச் சந்து முழுக்கக் கதவைச் சாத்த வைத்தார். காக்கா கெஞ்சாத வீடில்லை. ஒருத்தரும் திறக்கவில்லை. கடைசியில் அந்த ஒழுங்கைக்கு மட்டும் தனிக் கோடு போட்டுவிட்டு, "யா அல்லாஹ், இதப் பிழையாக்கித் தா" என்று கையேந்தினார்.

கோடு பிழைக்கவில்லை. மற்றத் தெருக்களில் காய்ச்சல் அங்கொன்று இங்கொன்றுதான். ஒழுங்கையிலோ வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு படுத்தார்கள். கடையில் நாங்கள் கைதட்டினோம்.

"காக்கா, உங்கட கோடு பலிச்சிட்டு! எங்க பிளேன்டீ?"

மனிசன் அழுதுவிட்டார். உடுத்திருந்த சாரன் தலைப்பால் கோட்டை அழுத்தி அழித்துவிட்டுச் சைக்கிளில் பறந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். ஹாஜியாருடைய சின்ன மகள், வயிற்றுப்பிள்ளைக்காரி, கண் திறக்காமல் கிடந்தாள். காரைப் பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியது காக்காதான். ஹாஜியார் அவருடைய கையைப் பிடித்தார்.

"மனே, உன்ட கோட்டுல என்ட புள்ளயும் இரிக்காளா?"

"இல்ல ஹாஜியார். அழிச்சிட்டுத்தான் வந்தன்."

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அடுத்த மாரிக்கு மருந்துக்காரருக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறப்பித்தவர் ஹாஜியார். கோடு பழையபடி பிழைத்தது, பிளேன்டீயும் வந்தது.

என் பிள்ளைகள் எல்லாரும் அந்த மாரிகளில் வளர்ந்தவர்கள். பெருநாளைக்கு எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும்போது, காக்கா இல்லாட்டி இதில் எந்த இடம் வெறுமையாக இருந்திருக்குமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் காக்கா.