இரண்டாம் விருப்பத்துக்கு மாலை இல்லை

சிலமலை

மெல்போர்னில் குடியிருக்கும் மாப்பிள்ளை விஜயபாண்டி அவர்களுக்கு, மாமன் கண்ணுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், என் ஒருவனைத் தவிர. மகள் கார்த்திகாவும் நீங்களும் சுகமாக இருக்க ஈசனை வேண்டுகிறேன். ஆனால் உங்கள் ஊர்த் தேர்தல் முறை மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

போன மாதம் போனில் நீங்கள்தானே விளக்கினீர்கள்? ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம், சீட்டில் எல்லாப் பெயருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுத வேண்டும், யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசி ஆளை நீக்கிவிட்டு அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள் என்று. எங்கள் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர் தேர்தலுக்கு அதையே கொண்டுவந்தேன். தலைவருக்குத்தான் முதல் மாலை. வருடா வருடம் அது பங்காளி தங்கபாண்டி கழுத்தில் விழுவதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். அவர் ஆட்களிடம் நைசாகப் பேசி, இரண்டாவது விருப்பம் எனக்கே என்று வாக்கு வாங்கினேன். மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டுமே என்று என் வீட்டுக்காரியான உங்கள் அத்தை அருணாவை நிறுத்தினேன். அவள் கடைசியாக வருவாள், அவள் ஓட்டும் எனக்கே வரும் என்பது கணக்கு. ஓட்டுப் போடாதவர்களுக்குத் திருவிழாவில் கிடாக்கறி கிடையாது என்றும் அறிவித்தேன்.

அங்கேதான் கெட்டது குடி. மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற சனமெல்லாம் கறிக்காக விடியற்காலையிலேயே வந்துவிட்டது. ரோட்டில் ஜீப்புக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான். "அண்ணே, ஜீப்பு கெளம்பிரும், வெரசா சீட்டைக் கொடுங்க" என்றாள் செல்லக்கிளி. வாங்கிய வேகத்தில் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டு ஓடினாள்.

"யாருக்கு ஆத்தா போட்டே?" என்றேன்.

"கறிக்குத்தாண்ணே."

அத்தனை பேரும் அப்படியே. அகர வரிசையில் மேலே இருந்த பெயர் அருணா.

எண்ணிப் பார்த்தால், முதல் சுற்றிலேயே அவள் பாதியை ஒரே ஓட்டில் தாண்டிவிட்டாள். தங்கபாண்டி கடைசி. ஊரில் விழுந்த இரண்டெல்லாம் எனக்குத்தான் மாப்பிள்ளை. அதை எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த ஒரு ஓட்டு மட்டும் அவளுக்கு விழாதிருந்தால் மாலை என் கழுத்தில். எந்தப் பாவி போட்டானோ தெரியவில்லை. இப்போது வீட்டிலும் அவளே தலைவி, கோயிலிலும் அவளே தலைவி. உங்கள் முறையில் பெரிய கோளாறு இருக்கிறது என்று அங்குள்ள அதிகாரிகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மகளுக்கும் பேத்தி பவதாரணிக்கும் என் ஆசிகள். மாரியம்மன் உங்களை மட்டுமாவது கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
வெறுங்கழுத்து மாமன்
கண்ணுச்சாமி

பின்குறிப்பு: அதிகாரிகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் சீட்டில் எழுதும்போது உங்கள் அத்தை பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை அவளுக்குத்தான் போட்டேன்.