கேஜ் அண்ணன் பேரல் மாற்றிய கதை

துவைத்தால் பனியன் எவ்வளவு சுருங்கும் என்று துணியைத் தொட்டே சொல்லக்கூடியவர்கள் திருப்பூரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். துப்பாக்கி எவ்வளவு சுருங்கும் என்று கேட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கேஜ் அண்ணன்.

வீரபாண்டியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்த நிட்டிங் கம்பெனியில் அவர் ஃபிட்டர். மெஷினில் ஒரு இஞ்சுக்கு எத்தனை ஊசி என்ற கணக்குக்குத்தான் கேஜ் என்று பெயர். அண்ணன் மெஷினோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் எப்போதும் அளவெடுக்கும் ஒரு வெர்னியர் இருக்கும். கேன்டீனில் இட்லி வந்தால் முதலில் கனம் பார்ப்பார். "முந்தாநேத்து இருபத்தெட்டு எம்எம். இன்னைக்கு இருபத்திரண்டுதானுங்க. மாவுல என்னமோ தப்பு நடக்குது" என்பார். கேன்டீன் அக்கா கரண்டியை ஓங்குவார். என் கல்யாண மேடையில் ஏறியவர் வாழ்த்துவதற்கு முன் இரண்டு மாலைகளையும் உற்றுப் பார்த்து, "தம்பி, பொண்ணு மாலைக்கு உங்களது ரெண்டு இஞ்சு கம்மிங்க" என்று காதில் சொன்னார். ஃபோட்டோவில் நான் மாலையையே பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

அவர் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. மூலனூரில் அவருடைய மாமனார் அந்தக் காலத்தில் வேட்டைக்கு வைத்திருந்த, வெகுதூரம் சுடும் ரைஃபிள். வேட்டைக்குத் தடை வந்தபின் பெட்டியில் கிடந்தது. மாமனார் காலமானபோது தோட்டமும் கிணறும் மகன்களுக்குப் போயின. மகள் சரசக்கா, அதாவது அண்ணனின் மனைவி, கேட்டு வாங்கி வந்தது இந்த ஒன்றைத்தான். இனி ரைஃபிள் கிளப்பில் அட்டையைச் சுட மட்டுமே அதற்கு அனுமதி. சரி, சுடலாம் என்று கோயம்புத்தூரில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், அவர் குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். உள்ளே முழுக்கத் தேய்ந்துவிட்டது, பேரல் என்கிற அந்தக் குழலை மாற்றினால் துப்பாக்கி, இல்லையென்றால் இரும்பு, பேசாமல் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றார்.

இதைக் கேட்டு சரசக்கா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம். "அழுதிருந்தாக்கூடத் தேவலைங்க தம்பி. ஊட்டுல மிக்ஸி சத்தம் தவிர ஒரு சத்தமில்லீங்க" என்றார் அண்ணன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், எப்பாடு பட்டாவது பேரலை மாற்றுவது என்று.

கேஜ் அண்ணன் நல்ல பேரல் தேடுகிறார் என்று கம்பெனியில் செய்தி பரவியது. திருப்பூரில் பேரல் என்றால் ஒன்றுதான், டையிங் என்கிற சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் வரும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். ஒரே வாரத்தில் அவர் வீட்டு வாசலில் நான்கு டிரம்கள் வந்து இறங்கின. கொண்டு வந்தவர்கள் எல்லாம் அண்ணனால் மெஷின் பிழைத்தவர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சரசக்கா நான்கிலும் தண்ணீர் பிடித்து வைத்தார். அந்தத் தெருவில் அந்தக் கோடையில் தண்ணீர்க் கஷ்டம் இல்லாத ஒரே வீடு அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனார். பழுது பார்ப்பவர் பொறுமைசாலி. பேரலுக்குள் முறுக்கு முறுக்காகப் பள்ளம் வெட்டியிருக்கும், அதில் சுழன்று போவதால்தான் குண்டு நேராகப் போகிறது என்று விளக்கினார். முறுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது.

"எஸ் ட்விஸ்டுங்களா, இசட் ட்விஸ்டுங்களா?"

"அதென்னங்க அது?"

"நூலுக்கு ரெண்டு பக்கமும் முறுக்கு உண்டுங்களே."

"இது வலது பக்கமுங்க."

"அப்ப இசட்டு. இஞ்சுக்கு எத்தனை முறுக்குங்க?"

"இஞ்சுக்கா? பத்து இஞ்சுக்கு ஒண்ணுங்க."

அண்ணன் எழுந்தே விட்டார். "பத்து இஞ்சுக்கு ஒண்ணுங்களா! அப்படி ஒரு நூலைக் கையில எடுத்தாலே பிஞ்சு போயிருமேங்க!"

அவரை உட்கார வைக்க ஒரு டீ தேவைப்பட்டது. டீ முடிந்ததும் அடுத்த கேள்வி, "சுட்டா எவ்வளவு ஷ்ரிங்கேஜ் வருமுங்க?" பழுது பார்ப்பவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கடைசியில் இரண்டில் ஒன்று என்று வந்து நின்றது. இருபத்தாறு இஞ்சில் தடித்த பேரல், அல்லது இருபத்திரண்டு இஞ்சில் மெல்லியது. தடித்தது ஆடாது, சூடானாலும் குறி விலகாது, முந்நூறு மீட்டருக்கு அதுதான் சரி என்றார் அவர். எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

இரண்டு ஜி.ஐ. பைப்பில் நூல் கோன்களைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு துப்பாக்கிகளின் எடைக்கும் மாதிரி செய்தார். கம்பெனியில் யார் அகப்பட்டாலும் தோளில் வைத்துப் பிடிக்கச் சொல்லி நேரம் பார்த்தார். பீகாரிலிருந்து வந்த ஆபரேட்டர் தடித்ததை இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு, "பையா, இதுல சம்பளம் ஏறுமா?" என்றார். ஒரு நாள் நான் அவர் வீட்டுக்குப் போனபோது சரசக்காவிடமும் நீட்டினார். தடித்ததை வாங்கிய அரை நிமிடத்தில், "ஏனுங்க, குழம்பு பொங்குதுங்க" என்று இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். அக்கா திரும்பி வந்ததும் அண்ணன் மெல்லியதைக் கொடுத்தார். இந்த முறை குழம்பு நிச்சயமாகப் பொங்கியிருக்கும். அக்கா போகவே இல்லை. அண்ணன் டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மறுநாளே மெல்லியதுதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏனுங்ணா, தடிச்சதுதான் நல்லதுன்னு அவரே சொன்னாருங்களே. ரெண்டு மாசமா என்னை எதுக்குங்ணா பைப்பு தூக்க வெச்சீங்க?"

"பேரலுக்கு அது நல்லதுங்க தம்பி" என்றார்.

மாற்றுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தேன். "பேரு மட்டும் விட்டுருங்க, அது நான் எழுதிக்கிறேன்" என்றார். அதைக் கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் நீட்டினோம். அங்கிருந்தவர் தலைப்பில் பேரல் என்ற சொல்லைப் பார்த்ததோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்.

"எந்த டையிங்குங்க?"

"டையிங் இல்லீங்க. குண்டு பேரலுங்க."

"குண்டோ ஒல்லியோ, உள்ள கெமிக்கல் இருந்தா இங்கில்லீங்க. எத்தனை லிட்டருங்க?"

"இருபத்திரண்டு இஞ்சுங்க."

"வாய் அகலமானதுங்களா?"

அண்ணன் மிகப் பணிவாக, "ஒரு சுண்டுவிரல் போகுமுங்க" என்றார். அந்த மனிதர் பேனாவை மூடிவைத்துவிட்டார். உரிய இடத்தைக் கண்டுபிடித்து, அனுமதி வாங்கி, பேரல் மாறி வருவதற்குள் கம்பெனியில் மூன்று மேனேஜர் மாறிவிட்டார்கள்.

கிளப்புக்கு முதல்முறை சுடப் போகும் நாளில் நானும் தொற்றிக்கொண்டேன். பைப்பு தூக்கியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? சரசக்காவும் வந்திருந்தார், தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களைப் போலச் சேலைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கிளப்காரர் லைசென்ஸைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்.

"சரஸ்வதி."

நான் அண்ணனைப் பார்த்தேன். "எனக்குத் தொடவே பயமுங்க தம்பி" என்றார். "மாமனார் இவளுக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு. கல்யாணத்துக்கு முன்னால முள்வேலி மேல காயி வெச்சா, ஒண்ணு விடாம அடிப்பாளாமுங்க. எங்கூட்டுக்கு வந்து முப்பது வருசம், கரண்டிதான் புடிச்சா."

அக்கா பாயில் படுத்து, துப்பாக்கியைத் தோளில் சேர்த்தார். முதல் குண்டு அட்டையைத் தொடாமல் மண்மேட்டில் புதைந்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வாட்ச் நின்றுவிடும் போலிருந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, அடுத்த நாலையும் நிதானமாகச் சுட்டார்.

அட்டையைக் கழற்றி வந்து கொடுத்தார்கள். நாலு ஓட்டையும் ஒரு கேன்டீன் தோசைக்குள் அடங்கும். அக்கா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பன் இருந்திருந்தா முதல் குண்டுக்கு வைஞ்சிருப்பாருங்க" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் வெர்னியரை எடுத்தார். ஓட்டைக்கு ஓட்டை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எவ்வளவுங்ணா?"

"தெரியலீங்க தம்பி. கண்ணு மறைக்குது" என்று சொல்லிவிட்டு வெர்னியரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த அட்டை இப்போது அவர் வீட்டில் மாமனார் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. இன்னும் அவர் அதை அளக்கவில்லை. போகும்போதெல்லாம் நானாவது அளந்து சொல்லலாமே என்று பையில் ஒரு ஸ்கேல் கொண்டுபோகிறேன். அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதால், இதுவரை வெளியே எடுத்ததில்லை.