உப்பில்லாத சுண்டலும் பீரோ சாவியும்

உபதேசம் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அல்ல. "கொலஸ்டரால் கொஞ்சம் ஜாஸ்தி" என்று டாக்டர் என்னிடம் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரையும் நான் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. பாக்கெட்டைத் திருப்பி, பாமாயில், உப்பு, சர்க்கரை என்று பொடி எழுத்தையெல்லாம் உரக்கப் படிப்பேன். (சாமி முன்னால்கூட அவ்வளவு பக்தியாக எதையும் படித்ததில்லை.) மிக்சரையும் முறுக்கையும் பறிமுதல் செய்து ஹாலில் இருந்த பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை செல்வியைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். "காலையில கிரிவலம் முடிச்சுட்டு அப்படியே வந்துடறோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. போட்டோவிலேயே செல்விக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் உன் டாக்டர் வேலைய மூட்டை கட்டி வை" என்று கெஞ்சினாள்.

நான் கேட்டால்தானே? பஜ்ஜி, கேசரி இரண்டையும் ரத்து செய்துவிட்டு, நானே கொண்டைக்கடலை வேகவைத்தேன். உப்பு போடவில்லை. காபிக்குச் சர்க்கரையும் இல்லை.

வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடந்து, உடம்பிலிருந்த உப்பையெல்லாம் வியர்வையாக விட்டுவிட்டு ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் சுண்டலை வெகுநேரம் மென்றார். அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்:

"பொண்ணு செஞ்சதுங்களா?"

செல்வியின் கண் கலங்கிவிட்டது.

"நான்தாங்க செஞ்சேன். உப்பு உடம்புக்கு..." என்று ஆரம்பித்தவன், வாய் சும்மா இல்லாமல் பாமாயில் வரை போய்விட்டேன்.

"தம்பி, தலை சுத்துது" என்றார் பெரியவர். "உப்பா எதனா இருக்குதா?"

"சாவியக் குடு" என்று செல்வி கை நீட்டினாள். எல்லோர் முன்னாலும் பீரோவைத் திறந்தாள். முறுக்கு டப்பா காலி. பக்கத்தில் அடுக்கியிருந்த என் வேட்டி மடிப்பு முழுக்க முறுக்குத் தூள். மிக்சர் பாக்கெட்டின் அடியில் ஒரு பிடி, மேலே பத்திரமாக ஒரு ரப்பர் பேண்ட்.

செல்வி பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணா, இதுல இருந்த பாமாயில் எல்லாம் எங்க போச்சு?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு அவர் அம்மா, கடைசியில் அழுதுகொண்டே செல்வி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அந்த ஒரு பிடி மிக்சரை ஆறு பேரும் பங்கு போட்டுத் தின்றார்கள். அன்றைக்கே தட்டு மாற்ற நாள் குறித்தார்கள்.

ஆறு வருஷமாகிறது. மாப்பிள்ளை எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மச்சான், பீரோ சாவி எங்க?" என்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய மகளுக்கு இப்போது நாலு வயது. என் பெயரே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நான் பீரோ மாமா.