திருடன் வேடம் கேட்டுப் போன விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம்.

வழக்கமாக இந்த இடத்தில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இந்த முறை என் நலமே விஷயமாகிவிட்டதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மகள் போன வாரம் உங்களிடம் போனில், "மாமா குளியலறைக்குள்ள தனியாப் பாடுறாரு, அத்தை வெளிய நின்னு கதவைக் கரண்டியால தட்டுறாங்க" என்று சொன்னதாகவும், நீங்கள் பதறிப்போய் உங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரின் விலாசத்தை அனுப்பியதாகவும் அறிந்தேன். மருமகளைக் குறை சொல்லமாட்டேன். அவள் பார்த்தது நிஜம், காரணம்தான் வேறு. அதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் எதையும் இரண்டு முறை சொல்கிறவன், நீங்கள் முதல் முறை முடிந்ததுமே போனை வைத்துவிடுகிறவர். அதனால்தான் கடிதம்.

நான் முப்பத்திரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறையை நீங்கள் பார்த்ததில்லை. ஆறடிக்கு எட்டடி, ஜன்னல் கிடையாது, ஒரு மைக், ஒரு மின்விசிறி, மேஜையின் வலது ஓரத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் நிலையம் முழுக்க மூன்று மணியோசை கேட்கும், அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறக்கவேண்டும், சொன்னதையே மறுபடியும் சொல்லவேண்டும், ஏனென்றால் முதல் தடவை சொல்லும்போது எல்லோரும் பக்கத்திலிருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஊரில் என் குரலைக் கேட்காத ஆள் இல்லை. என் முகத்தைப் பார்த்தது டீ கொண்டுவருகிறவர் ஒருவர்தான், அவரும் காலி டம்ளரைத்தான் பார்ப்பார். ஓய்வு பெற்ற அன்று வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து எட்டாம் நம்பர் பஸ் எப்போது என்று கேட்டார். மூன்று ஐம்பதுக்கு என்றேன். "நீங்க சொன்னா ஆச்சா, மைக்ல சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணியடிக்காமல் சொன்னதால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி எட்டு மாதம் போனது. ஒருநாள் மனைவியின் முழங்கால் வலிக்குக் களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாதான் எங்கள் பகுதி நாடகக் குழுவையும் நடத்துகிறார் என்பது கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. நகைச்சுவை இசை நாடகம், நடிக்கவும் பாடவும் ஆசையுள்ளவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக மாடிக்கு வரவும், அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது. கதையைக் கேட்டேன். மகா கண்டிப்பான ஒரு வீட்டுக்காரர் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குள் ஒரு திருடன் நுழைகிறான். அவனுக்குப் பாடினால்தான் பூட்டுத் திறக்க வரும். அவ்வளவுதான் கதை. எனக்கு அந்தத் திருடனை உடனே பிடித்துப்போனது. தேர்வுக்கு அவன் பாட்டையே பாடிக்காட்டச் சொல்லிக் கையில் கொடுத்தார். "பூட்டே பூட்டே முனகாதே, வீட்டுக்காரரை எழுப்பாதே" என்று ஆரம்பிக்கும் பன்னிரண்டு வரி.

பாட்டு இரண்டு நாளில் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் பாட முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்பேன், வாய் திறக்காது. அப்புறம்தான் புரிந்தது, மணி அடிக்காமல் எனக்குக் குரல் வராது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், என்ன செய்வது? வேறு வழியில்லாமல் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை, சமையலறையிலிருந்து கரண்டியை எடுத்துவந்து கதவில் மூன்று தட்டுத் தட்டினாள், நான் கணீரென்று பாடிவிட்டேன். நான்காம் நாள் நாங்கள் இருவரும் மும்முரமாக இருந்த சமயத்தில்தான் உங்கள் மகள் துண்டு எடுக்க வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்திருந்தார்கள். மாடியில் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி, தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள், அதுதான் மேடையாம். கீபோர்டு வாசிக்கிறவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக், நகத்தில் கிரீஸ் இருந்தாலும் விரல் பிரமாதமாக ஓடியது. எனக்கு முன்னால் ஒரு வங்கிக் காசாளர் பாடிக்கொண்டே குட்டிக்கரணம் போட்டார், எல்லோரும் கை தட்டினார்கள். என் முறை வந்தது. கட்டத்துக்குள் போய் நின்றேன். மெக்கானிக் வாசித்தார், நான் நின்றேன். மறுபடியும் வாசித்தார், நான் நின்றேன். என் வலது கை தானாகக் காற்றில் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை அம்மா, "ஐயா, நீங்க எப்ப வேணா ஆரம்பிக்கலாம்" என்றார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு நின்றேன். பேசாமல் படியிறங்கிப் போய்விடலாமா என்று திரும்பினால், கடைசி வரிசையில் என் மனைவி. கறிகாய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறாள். பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள், வீட்டுச் சாவியால் அதில் மூன்று தட்டுத் தட்டினாள்.

பாடினேன் சம்பந்தி. பன்னிரண்டு வரியையும் பாடினேன், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. மெக்கானிக் முதல் வரியில் தடுமாறினார், இரண்டாம் வரியிலேயே பிடித்துக்கொண்டார். முடித்துவிட்டு வணக்கம் சொல்லி இறங்கியிருக்கவேண்டும். ஆனால் வாய் ஒருமுறை திறந்துவிட்டால் முப்பத்திரண்டு வருஷமாக எதைச் சொல்லி மூடுமோ அதைச் சொல்லித்தானே மூடும்? "பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று திருடன் வேடம் கேட்டு வந்த நான் சொன்னேன். பதினோரு பேரும் அவரவர் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், கீழே நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போடவேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், எல்லாம் போச்சு என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வரிசையில் நின்ற ஒரு நர்ஸ் பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்ட்ல பேசினது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"பதினஞ்சு வருஷமா உங்க குரலைக் கேட்டுட்டுதான் வேலைக்குப் போனேன். இப்ப அங்க மிஷின் பேசுது. உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு நினைச்சிருக்கேன். பெரிய மீசை இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இந்த முகத்தை ஊர் ஒரே ஒரு தடவை நேரில் பார்க்கட்டும் என்று ஆசை வந்துவிட்டது. என் வியாதி இதுதான், இதற்கு உங்கள் டாக்டரிடம் மருந்து இருக்காது.

தேர்வானவர்கள் பட்டியலை இன்று, வெள்ளிக்கிழமை, மருந்துக்கடைக் கதவில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலிருந்து நாலு தடவை போய்வந்துவிட்டேன், சும்மா போனால் நன்றாயிருக்காது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு களிம்பு வாங்கினேன். கிடைக்கும் என்றுதான் உள்ளுக்குள் தோன்றுகிறது. கிடைத்தாலும் நீங்கள் கவலைப்படவேண்டாம். இருமினாலே ஒரு பள்ளிக்கூடம் அடங்கிப்போன தலைமையாசிரியர் நீங்கள். உங்கள் மரியாதைக்கு என்னால் ஒரு குறையும் வராது. சொந்தபந்தம் ஒருவருக்கும் சொல்லமாட்டேன், உங்களை நாடகம் பார்க்கக்கூடக் கூப்பிடமாட்டேன், இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு சிரமமும் கொடுக்கமாட்டேன், இது சத்தியம். மருமகளிடம் மட்டும், மாமா நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சம்பந்தியம்மாவிடம் எங்கள் அன்பைச் சொல்லவும், களிம்பு வேண்டுமென்றாலும் சொல்லவும். நீங்கள் இருவரும் உடம்பும் குரலும் திடமாக நெடுநாள் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பியபோது பட்டியல் ஒட்டிவிட்டார்கள். திருடன் நான்தான். திருடன் நான்தான். ஆனால் நாடகம் முழுக்கத் திருடனுக்குக் கறுப்பு முகமூடியாம், கண் மட்டும்தான் தெரியுமாம். இதைக் கேட்டு நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாதான் சமாதானம் சொன்னார்: கடைசிக் காட்சியில் வீட்டுக்காரர் முகமூடியைப் பிடித்து இழுப்பார், எல்லா விளக்கும் எரியும், ஊரே என் முகத்தைப் பார்க்கும். ஒரே சிக்கல், வீட்டுக்காரர் வேடத்துக்குத்தான் ஆள் அமையவில்லை. வந்த யாருக்கும் திட்டத் தெரியவில்லை, திட்டும்போதே சிரித்துவிடுகிறார்கள். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, நின்ற இடத்தில் நின்று திட்டினால் போதும். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். திங்கள் மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. டாக்டர் விலாசத்தைச் சம்பந்தியம்மா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள், நீங்கள் வீட்டில் திட்டிப் பழகும்போது தேடுவார்கள். எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள்: முகமூடியை இழுத்த கையோடு கொஞ்சம் நகர்ந்து நின்றுகொள்ளுங்கள், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் என் முகம் தெரியவேண்டும்.