துருவுக்குத் தண்ணீர் ஊற்றிய தியரி

தியரியைப் போலப் பயப்பட, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இன்னொருவர் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் அவருக்கும் நான்தான் அறைத் தோழனாக வாய்த்திருப்பேன்.

திருமுல்லைவாயிலில் இருவருக்கும் ஒரே அறை. எனக்குத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. அவர் படித்தது சமகாலக் கலைக் கோட்பாடு. அதனால் அந்தப் பெயர். டீக்கடையில் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எப்போ கலையா மாறுது?" என்பார்.

"முதல்ல குடி நைனா, ஆறிப்போச்சுன்னா அது டீயே இல்ல" என்பார் மாஸ்டர்.

அவருடைய ஆய்வு இதுதான்: ஒரு காலத்தில் சமூகம் கலையைக் கும்பிட்டது, பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தது, இப்போது கண்டுகொள்வதே இல்லை. ஆய்வேட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு. நிரூபிப்பதற்காகக் காயலான் கடையில் ஒரு பழைய கியரை வாங்கி, இதுதான் கலை என்று எங்கள் பட்டறை வாசலில் ஸ்டூல் மேல் வைத்தார். யாரும் சீண்ட மாட்டார்கள், துருப்பிடிக்கும், அதுவே சாட்சி. துரு போதவில்லை என்ற பயத்தில் இரண்டு மாதம் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்தால் "கழுவிடுமோ?" வெயிலடித்தால் "காஞ்சிடுமோ?" என் தூக்கமும் சேர்ந்து துருப்பிடித்தது.

ஆய்வை நேரில் பார்க்கத் தேர்வாளர் வந்தது ஆயுதபூஜைக்கு முந்தின நாள். மறுநாள் லீவு என்பதால் பேட்டையில் அன்றைக்கே பூஜை போட்டுவிடுவோம். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொரு மணிக்குத் தேர்வாளர் அம்மாளுடன் தியரி வந்து பார்த்தால், கியர் பளபளவென்று இருக்கிறது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. எதிரே உடைத்த பூசணிக்காய். தியரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் நீங்க செஞ்சதா?" என்றார் தேர்வாளர்.

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருக்கலாம். நான் ஜாடைகூடக் காட்டினேன்.

"இல்ல மேடம். நான் துரு மட்டும்தான் வளர்த்தேன்." என்றார் தியரி.

எங்கள் ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. "நான்தாம்மா டீசல் ஊத்தி கழுவினேன். ரெண்டு மாசமா இவரு இத்த காவல் காத்துகினு கீறாரு. இவரு பொழப்பே இதுலதான் கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு, இவரோடத வுட்டுட்டா நல்லாவா கீது?"

தேர்வாளர் குனிந்து கியரின் பொட்டைப் பார்த்தார். அப்புறம், "இப்போ யாரும் கண்டுக்கறதில்லைங்கற கடைசி அத்தியாயத்தை மட்டும் மாத்தி எழுதிக் கொடுங்க" என்றார். அதற்குப் பெயர் தேர்ச்சி என்று தியரிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இப்போது வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பயந்துகொண்டே பாடம் எடுக்கிறார். கியர் என்னிடம்தான் இருக்கிறது. வருஷம் தவறாமல் பொட்டு வைக்கிறேன். துரு மட்டும் பிடிக்க விடுவதில்லை. தெரிந்தால் பதறியடித்துக்கொண்டு ஓடி வருவார். வரட்டுமே என்றுதான்.