முழங்காலுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர்

கம்பைநல்லூர்

அன்புள்ள அரூர் சித்திக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் நலமா? நாங்கள் இன்று மாலையிலிருந்து நலம். அதற்கு முன் நான் நலமாக இல்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்தை மன்னிக்கவும்.

தம்பியின் பையில் வைக்கிற சிலேட்டுப் பல்பமெல்லாம் காணாமல் போகிறது. நான்தான் தின்கிறேன் என்று அம்மாவுக்குச் சந்தேகம். எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. தின்றது தெரிந்தால் லீவுக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டாளாம். அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கருவி வந்தது. எலும்பில் ஈயம் சேர்ந்திருக்கிறதா என்று அறுக்காமல் குத்தாமல் சொல்லிவிடுமாம். அம்மாக்களும் வந்து அளந்துகொள்ள வேண்டுமாம். "எலும்பையே பாக்குற மெஷினுடி! தின்னதெல்லாம் காட்டிக் குடுத்துரும்" என்றாள் அம்மா. நான் தின்னவே இல்லை சித்தி. ஆனாலும் கரும்பலகை துடைக்கும்போது எவ்வளவு சாக்பீஸ் தூள் மூக்கில் போயிருக்கும்?

கருவியோடு வந்திருந்த அன்ஜும் என்கிற அக்கா முதலில் என் காலில் சில்லென்று பசை தடவி, ஸ்கேன் வைத்து, எலும்புக்கு மேலே சதை எவ்வளவு தடிமன் என்று அளந்தார்.

"எதுக்குங்க அக்கா?"

"சதை தடிமனா இருந்தா எலும்புல இருந்து வர்ற சிக்னல் கொறஞ்சிரும். உனக்கு மூணு மில்லிமீட்டர்தான். எலும்பு பளிச்சுனு தெரியும், பாரு!"

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா விறுவிறுவென்று வெளியே போனாள். வீடு பக்கம்தானே! திரும்பி வரும்போது தன் இரண்டு காலிலும் விரல் தடிமனுக்கு மஞ்சள் பத்து போட்டிருந்தாள். "கால் வலிங்க. இதோடவே அளந்துக்குங்க."

அக்கா சிரித்துக்கொண்டே கழுவச் சொன்னார். "எவ்வளவு தடிமன்னு தெரிஞ்சா கணக்குல சரி பண்ணிக்குவோம்ங்க. ஒண்ணும் மறையாது."

அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பாவம், நிஜமாகவே வலி போலிருக்கிறது.

நான் அழுதே விட்டேன். "பல்பம் தின்னா தெரியுமாங்க?"

"பல்பமா? இது ஈயத்தத்தான் தேடுது கண்ணு. அதெல்லாம் இதுக்குத் தெரியாது."

என்னைவிட அம்மாதான் பெரிதாக மூச்சு விட்டாள். என் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள்! இரண்டு பேருக்கும் பயப்படும் அளவுக்கு ஈயம் இல்லையாம். வரும் வழியிலேயே, "எலிதான் இழுத்துட்டுப் போயிருக்கும். நீ அரூர் போய்ட்டு வா" என்று தானாகவே சொல்லிவிட்டாள்.

பெரியவர்களை ஆசீர்வதிக்கக் கூடாது என்பதால் உங்கள் ஆட்டுக்குட்டிக்கு மட்டும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சதை குறைந்த, கவலை தீர்ந்த
ஜெயபிரியா

பி.கு.: டார்ச்சை அணைத்ததும் அடுப்படியில் கறுக் கறுக்கென்று சத்தம். எலியைப் பிடிக்கலாம் என்று போய் வெளிச்சம் அடித்தேன். எலி சேலை கட்டியிருந்தது. "சித்திகிட்ட சொல்லிறாதடி" என்றது. நான் சொல்லவில்லை. என்னை அழைத்துப் போக வரும்போது ஒரு டப்பா பல்பம் வாங்கி வாருங்கள். தம்பிக்குத்தான்.