காசிம் காக்காவின் நெஞ்சைக் கேட்ட கதை

நல்ல சுகமாயிருந்த ஒரு மனிதரைச் சாகப்போகிறவர் என்று சொல்லி, அவருடைய கலியாணத்தை நிறுத்தியவன் நான். பகையும் இல்லை, பொறாமையும் இல்லை. வெறும் படித்த திமிர்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். உள்ளே துடுப்பால் வள்ளம் வலிக்கிறவர்களுக்கு வைத்தியச் சோதனை வேண்டும் என்று கட்டளை வந்தது. சோதிக்க உட்கார்ந்தவன், அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியனாக, புதிதாக வேலைக்கு வந்த நான். (காலில் சப்பாத்தும் புதிது. இரண்டுமே கடித்தன.)

மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து தினமும் ஆட்களை ஏற்றி வரும் காசிம் காக்கா என் முன்னால் கதிரையில் இருந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மெதுவாக ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு ஒன்றுமே இல்லை! பதறி நிமிர்ந்தேன். ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

இதயத்தின் மேலறை அனுப்பும் சைகை கீழறைக்குப் போய்ச் சேராத வியாதி ஒன்று உண்டு. புத்தகத்தில் படித்திருந்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில் துறையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"காக்கா, உங்கட இதயம் இடைக்கிடை நிண்டு போகுது. இனி வள்ளம் வலிச்சா உயிருக்கு ஆபத்து."

"அப்ப நான் இப்ப ஊருக்குப் போறது எப்பிடி, ஐயா?"

அந்தச் செய்தியை மூதூருக்குக் கொண்டுபோனவர்களையும் அவரேதான் வலித்துக்கொண்டு போனார்.

மௌத்தாக, அதாவது சாகப் போகிறவரிடம் பிழை பொறுக்கக் கேட்க ஊரே வரிசையில் வந்தது. ஒருவன் அவருடைய ஆட்டை அறுத்துத் தின்றதை ஒப்புக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தியதைச் சொல்லி அழுதார். காக்காவுக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் தகப்பன் சுலைமான் மட்டும் அழவில்லை. "என்ட மகள விதவையாக்க ஏலாது" என்று கலியாணத்தை நிறுத்திவிட்டார்.

நானோ என் கண்டுபிடிப்பைப் பெரிய டொக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட மடையா! வருசக்கணக்கா வள்ளம் வலிக்கிறவன்ட இதயம் சும்மா இருக்கேக்க மெதுவாத்தான் அடிக்கும். சில வேளை ஒரு துடிப்பை விட்டும் அடிக்கும். அவனை வலிக்க விட்டுக் கேட்டனியா?"

இல்லை. மறுநாளே மூதூருக்கு ஓடினேன்.

"சாவான் எண்டதும் நீங்கதான், சாகமாட்டான் எண்டதும் நீங்கதான். எந்த வாய நான் நம்புற?" என்றார் சுலைமான்.

"என்ர வாயை விடுங்கோ. உங்கட காதால கேளுங்கோ."

மூவரும் வள்ளம் ஏறினோம். கச்சான் காற்று வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. காக்கா வலித்தார். குழாயின் ஒரு முனையை நான் அவர் நெஞ்சில் அழுத்திப் பிடிக்க, மறுமுனை சுலைமானின் காதுகளில்.

"ஐயா, தலைய எடுங்க, துடுப்பு இடிக்கும்..." காக்கா சொல்லி முடிக்குமுன் இடித்தது. நடுக்குடாவில் என் காலைச் சாப்பாடு சுலைமான் உடுத்திருந்த புதுச் சாரத்தில் இறங்கியது. மனிதர் அசையவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன கேக்குது?"

"சும்மா இருடா!" சுலைமான் துடிப்பை விரல்விட்டு எண்ணினார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்டக்கூட விடல்லடா! கப்பல் எஞ்சின் மாதிரி அடிக்குது!"

பிறகு குழாயை என் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "காசிம், வள்ளத்தத் திருப்பு. இந்தப் புள்ளதான் மௌத்தாகப் போகுது."

"காக்கா, என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றேன், வள்ளத்தின் அடியில் கிடந்தபடி.

அவர் துடுப்பை நிறுத்தவில்லை. "பொறுத்திட்டன். நீங்க இல்லாட்டி என்ட ஆட்டுக்கு நடந்தது தெரிஞ்சிருக்குமா?"

அந்த மாதமே கலியாணம் நடந்தது. சபைக்கு முன்னால் சுலைமான் குனிந்து மாப்பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து, "ஓடுது!" என்று அறிவித்தார். பந்தல் அதிர்ந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை வந்தாலும் அதுதான் வழக்கம்.

போன வருசம் தன் பேத்தியின் கலியாணத்தில், நரைத்துப்போன காசிம் காக்காவே எழுந்து மாப்பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தார். ஆசையில் நானும் கிட்டப் போனேன்.

சின்னதும் பெரிதுமாகச் சபை முழுக்க ஒரே குரலில் கத்தியது:

"ஐயா, நீங்க மட்டும் வேணாம்!"